அப்பாவின் புதுக் கால்: ஊரில் கிடைத்ததும் கிடைக்காததும்

சர்க்கரை வியாதியால் அப்பாவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். நான் சிங்கப்பூரிலிருந்து நீண்ட லீவு போட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது புண் ஆறியிருந்தது. ஆளைத்தான் கட்டிலை விட்டு இறக்க முடியவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு இதே கவலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் வருவதற்கு முன்பே மாமா ஒரு தனியார் கடையில் செயற்கைக் கால் வாங்கி வைத்திருந்தார். அவசரமாக அளவெடுத்து, அவசரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்படி மாட்டுவது, எப்படி நடப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. கால் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் பகுதியை (மருத்துவமனையில் எல்லோரும் ஸ்டம்ப் என்றுதான் சொல்கிறார்கள்) முதலில் வீக்கம் பிடித்திருக்கும். பிறகு மாதக்கணக்கில் வற்றி வடிவம் மாறும். அதற்குள் எடுத்த அளவில் செய்த சாக்கெட் (செயற்கைக் காலில் ஸ்டம்ப்பை நுழைக்கும் கிண்ணம் போன்ற பகுதி) தொளதொளவென்று ஆகி, தோலை உரசும். சர்க்கரைக்காரருக்கு உணர்ச்சி மரத்திருப்பதால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அந்தக் கால் இப்போது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

நான் எதிர்பார்க்காத உதவி, வீட்டு வாசலுக்கே வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பதோடு பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்ததும் ஒரு பெண் வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது, அப்பாவின் முட்டிக்குக் கீழே அம்மா பாசமாக வைத்திருந்த தலையணை. "அண்ணா, முதல்ல இதை எடுங்க. முட்டி இப்படியே மடங்கி இறுகிட்டா, அப்புறம் எந்தக் காலும் மாட்ட முடியாது" என்றார். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைத்தார். கிரேப் பேண்டேஜை எட்டு போட்ட மாதிரி, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றக் கற்றுக்கொடுத்தார். ஒரு சின்னக் கண்ணாடியை அப்பா கையில் கொடுத்து, ஸ்டம்ப்பின் அடிப்பக்கத்தை அவரே பார்க்கச் சொன்னார். அதுவரை அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒரே குறை, அவருக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். நினைத்த நாளில் வரமாட்டார். இடைப்பட்ட நாட்களை நாம்தான் ஓட்ட வேண்டும்.

கால் செய்தது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்த டெக்னீசியன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா ஐயா?" ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ற பாதத்தை வெறுங்காலோடு போட்டு நடந்தால் உடம்பு பின்னால் சாயுமாம். ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அந்த ரப்பர் பாதம் வெறுங்காலோடு நடப்பதற்கும் தரையில் உட்காருவதற்குமே யோசித்துச் செய்தது. கார்பன் ஃபைபர் கால் வாங்கித்தருவதாக இருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

புதுக் காலோடு இரண்டு பக்கக் கம்பிகளைப் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தோலைப் பார்க்கிறார்கள். சிவப்பு சீக்கிரம் மறைந்தால் சரி, மறையாவிட்டால் சாக்கெட்டைத் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். சாயங்காலம் கால் தளர்ந்தால் இன்னொரு சாக்ஸ் சேர்த்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விஷயம் வேறு கதை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில் சுலபமாக முடிந்தது. டாக்டர் பார்க்கும் நாளில்தான் பாடு. நடக்க முடியாதவர்களுக்கான முகாமை லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போனோம்.

வீட்டுக்குள் எங்களுக்குப் பெரிய தடை அன்புதான். தண்ணீர் வேண்டுமென்று அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா டம்ளரோடு நிற்பார். பிசியோதெரபி பெண் ஒருநாள், "அம்மா, நீங்க கொஞ்சம் திண்ணையில போய் உட்காருங்க" என்று அனுப்பிவிட்டு, அப்பாவை எழுந்து பாத்ரூம் போகச் சொன்னார். கொத்தனார் பதித்துக் கொடுத்த கைப்பிடியைப் பிடித்து வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து, தானே எழுந்து, தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்தார். என்னைக் கேட்டால், கால் மாட்டிய நாளைவிட இதுதான் பெரிய நாள். வாசல் சரிவுப் பாதையைக் கொத்தனார் முதலில் சறுக்குமரம் மாதிரி கட்டிவிட்டார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று சொல்லி, இடித்துத் திரும்பக் கட்ட வைத்தோம்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களென்றால் வேலூர் பாகாயம் சி.எம்.சி. மறுவாழ்வு மையம். அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸே 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிறது.

ஸ்டம்ப் இன்னும் வற்றும் என்பதால் சாக்கெட் மாற்ற வேண்டியிருக்கும்; தம்பி அழைத்துப் போவான். அப்பா இப்போது ஸ்கூட்டருக்கு சைடு வீல் போட வேண்டும் என்கிறார். வண்டியில் மாற்றம் செய்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும், அதற்கும் அலைய வேண்டும். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.