சென்னையில் மின்னணு அக்கார்டியனைப் பழுதுபார்க்க யாரிடம் போவது?

டொராண்டோ நண்பர்கள் சிலர் சென்னையில் மின்னணு அக்கார்டியன் பழுதுபார்க்கும் கடையின் முகவரியைக் கேட்டிருந்தார்கள். நான் அலைந்த வரையில் அப்படி ஒரு கடை கண்ணில் படவில்லை. ஆனால் வேலை நடக்கிறது. மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் ரேடியோ மெக்கானிக் ஒருவர் வேண்டும், ஆர்மோனியம் செப்பனிடும் பெரியவர் ஒருவர் வேண்டும், இருவருக்கும் நடுவே சுமந்துகொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நாம்தான். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும்.

வாத்தியம் சித்தப்பாவுடையது. கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து வாங்கியிருக்கிறார். 1960களின் பிற்பகுதியில் இத்தாலியில் செய்த வகை. அட்ரியாட்டிக் கடலோரப் பக்கம் காஸ்டெல்ஃபிடார்டோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது; துருத்தியும் ரீடும் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) பல தலைமுறைகளாக அந்த ஊரின் பிழைப்பு. டிரான்சிஸ்டர் வந்த பிறகு அங்கிருந்த தொழிற்சாலைகள் அக்கார்டியனுக்குள் ஆர்கனை நுழைக்கத் தொடங்கின. இதிலும் வழக்கமான ரீடுகள் எல்லாம் உண்டு. கூடவே ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு மின்தொடுப்பு, அங்கிருந்து விரல் தடிமனில் ஒரு கேபிள், அதன் மறுமுனையில் பெட்டி, பெட்டியோடு ஒரு கால்மிதி. துருத்தியை அசைக்காமலே ஆர்கன் ஒலியை வரவழைக்கலாம். எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துத் திரையிசையில் அக்கார்டியனுக்கு இருந்த இடத்தைப் பின்னால் கீபோர்டு எடுத்துக்கொண்டது. இந்த மாதிரி வாத்தியங்கள் அந்த மாற்றத்துக்கு இடைப்பட்ட காலத்துப் பிள்ளைகள்.

பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட இசைக்கருவிக் கடைகளுக்குப் போனதில் பயனில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு கிடைக்காது சார், புது கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள், தவணை வசதி உண்டு” என்றார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் விற்க உட்கார்ந்திருப்பவர்கள். குளிரூட்டிய அறையில் ஒரு நாற்காலி கொடுத்ததற்கு நன்றி.

அடுத்தது மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெரு. கையில் சுமை இல்லையென்றால் மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பெட்டியோடு போனால் ஆட்டோதான். தெருவுக்குள் வர ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள், அதுவும் நியாயம்தான். செல்போன் உதிரிபாகக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சாலிடரிங் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், பழைய ஸ்பீக்கர் கோன் என்று காட்சி மாறும் இடத்தில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். எனக்குக் காட்டியது ஒரு மாடிப்படியை. மேலே கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே அறுபதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்த முதல் காரியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிளக்கைக் கையில் எடுக்கவே இல்லை. பெட்டியைத் திருப்பி, பின்புறத்தில் மின்னழுத்தம் தேர்வு செய்யும் சிறு வட்டத் திருகைக் காட்டினார். அது 117ல் நின்றது. வாத்தியம் அமெரிக்கா வழியாக வந்திருக்க வேண்டும். நம் ஊரின் 230 வோல்ட்டில் அப்படியே செருகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்திருக்கும். திருகை மாற்றினால் மட்டும் போதாது, ஃபியூசையும் மாற்ற வேண்டும் என்றார்: அழுத்தம் இரட்டிப்பானால் இழுக்கும் மின்னோட்டம் பாதியாகும், எனவே ஃபியூசும் ஏறக்குறைய பாதி அளவில் இருக்க வேண்டும். எர்த் இல்லாத பழைய இரட்டைமுனை வயரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று முனை வயர் போட்டார். அதன் பிறகும் நேராக இணைப்புக் கொடுக்கவில்லை. சீரீஸ் போர்டில், அதாவது ஒரு குண்டு பல்பின் வழியாக, மின்சாரத்தை விட்டார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும். அதிக மின்னோட்டம் வாத்தியத்துக்குப் போகாது. பல்ப் பளிச்சிட்டு மங்கியது. “உயிர் இருக்கிறது தம்பி” என்றார்.

உயிர் இருந்தது, இரைச்சலும் இருந்தது. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சைக்கிள், அதாவது 50 ஹெர்ட்ஸ். பெட்டி அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது மிச்சமாகும் இரைச்சல் இரட்டிப்பாகி 100 ஹெர்ட்ஸ். கீழ் ஸ்தாயி ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டி உரசுவதால் அந்த ஒரு கட்டையை அழுத்தும்போது மட்டும் ஒலி வினாடிக்கு இரண்டு முறை எழுந்து தணிந்தது. இது மின்வழங்கிப் பகுதியில், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கண்டன்சர் காய்ந்துபோனதன் அடையாளம். புதியதை வாங்கும்போது மைக்ரோஃபாரட் அளவு அதே இருக்க வேண்டும், வோல்ட் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானின் கண்டன்சர் கிடைத்தால் அதையே வாங்கச் சொன்னார். வாங்கிவந்ததையும் ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்த பிறகே பொருத்தினார். கண்டன்சர்களுக்கு ஆன மொத்தச் செலவைவிட அதற்காக நான் குடித்த காப்பிக்குச் செலவு அதிகம்.

இரைச்சல் போன பிறகுதான் ஊமைக் கட்டைகள் எவை என்பது தெளிவாகத் தெரிந்தது. இந்த இடத்தில் அவர் நோய் கண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே அமைப்புள்ள எந்தப் பழைய ஆர்கனுக்கும் இது பொருந்தும். பெட்டிக்குள் பன்னிரண்டு ஸ்வரங்களுக்குப் பன்னிரண்டு ஆஸிலேட்டர்கள். ஒவ்வொன்றும் உச்ச ஸ்தாயியை மட்டும் உருவாக்கும். கீழ் ஸ்தாயிகள் அனைத்தும் அதைப் பாதி பாதியாகப் பிரித்துக் கிடைப்பவை: 1760 ஹெர்ட்ஸ் 880 ஆகும், பிறகு 440, பிறகு 220. ஆகவே ஒரே ஒரு கட்டை ஊமை என்றால் அதன் தொடுப்பில் அழுக்கு. ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் ஊமை என்றால் ஆஸிலேட்டர் போய்விட்டது. மேலே பேசிக் கீழே ஊமை என்றால், ஒலி நிற்கும் இடத்தில் பாதியாகப் பிரிக்கும் டிவைடர்தான் குற்றவாளி. கருவி எதையும் தொடாமல், என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டே பட்டியல் போட்டுவிட்டார்.

எங்கள் பெட்டியில் எஃப் ஷார்ப் இரண்டு ஸ்தாயி இறங்கியதும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் இருந்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். இன்று எங்கும் கிடைக்கும் சிலிக்கானை அப்படியே பதிலுக்கு வைக்க முடியாது. ஜெர்மேனியம் சுமார் 0.2 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும், சுற்றியுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டியிருக்கும். மெக்கானிக் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஏசி128 ரக ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், அந்தக் காலத்து ரேடியோக்களுக்காக வாங்கி வைத்தவை. இத்தாலியப் பெட்டிக்குள் அது குறையில்லாமல் உட்கார்ந்தது. இந்த டின் இவருக்குப் பிறகு யாரிடம் போகும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பையன் துபாயில் கணினித் துறையில் இருக்கிறானாம்.

தொடுப்புகளைச் சுத்தம் செய்யும் வேலையை என்னிடமே கொடுத்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு உரிந்து, ஈரக்காற்றில் சில மாதங்களில் மறுபடி கறுத்துவிடும். கேபிளில் அறுந்த கம்பிகள் எல்லாம் பிளக்கை ஒட்டிய ஒரே வளைவில் இருந்தன. அந்தப் பகுதியை வெட்டிவிட்டு முழுவதையும் மறுபடி பற்றவைத்தார். எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பதற்குச் சுற்றுப்படம் வேண்டும். இணையத்தில் எடுத்ததை மாடிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். டொராண்டோவில் இதற்கே ஒரு நாள் காத்திருக்கச் சொல்வார்கள்.

எல்லாம் சரியான பிறகு, அதுவரை வந்த ஒலியும் நின்று, ஒரு முனகல்கூட வரவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். கடைசியில் உதவிக்கு இருந்த பையன் கால்மிதியைக் கவிழ்த்துப் பார்த்து, “அண்ணே, இதில் ஏன் பல்ப் இருக்கிறது?” என்றான். ஒலியைக் கூட்டிக் குறைப்பது அந்தப் பல்ப்தான்: மிதியை அழுத்த அழுத்தத் திரை விலகும், வெளிச்சம் ஒளியுணர் ரெசிஸ்டரில் விழும், ஒலி எழும். அது இடையில் ஃபியூசாகியிருந்தது. டார்ச் விளக்கு பல்ப் ஒன்றைப் போட்டதும் தெருவுக்கே கேட்டது.

ரீடு வேலைக்கு மயிலாப்பூர்ப் பக்கம் போனேன். ஆர்மோனியம் பார்க்கும் பெரியவர் அக்கார்டியனைத் திறந்ததும் வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார். ஆர்மோனியத்தில் பித்தளை நாக்கு, ஒரு பக்கம்தான் காற்று. இதில் எஃகு நாக்கு, தகட்டுக்கு இரண்டு, துருத்தியை விரிக்கும்போது ஒன்று, மூடும்போது மற்றொன்று; வேலை செய்யாத நாக்கின் வழியாகக் காற்று கசியாமல் அடைக்கத் தோல் பட்டை. அந்தத் தோல்கள் சுருண்டிருந்தன, சில நாக்குகளில் துரு. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அது இரண்டு வாத்தியங்களுக்கும் பொது. தகடுகளை மரத்தில் ஒட்டியிருப்பது தேன்மெழுகும் ரோசினும் கலந்த கலவை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் உருகி ரீடுகள் விழுந்துவிடும் என்று சித்தப்பாவை எச்சரித்தார். சென்னையில் இந்த எச்சரிக்கை மிகையல்ல.

சுருதி சேர்ப்பதில்தான் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஸ்வரம் ரீடுகளில் 442 பக்கம் நின்றது. எஃகைச் சுரண்டி இறக்குவதைவிட மின்னணுப் பெட்டியை 442க்கு ஏற்றுவது எளிது: ஒவ்வொரு ஆஸிலேட்டரின் காயிலுக்குள்ளும் இருக்கும் ஃபெரைட் திருகை நகர்த்தினால் போதும். இரும்புத் திருப்புளி காயிலுக்குள் போனாலே சுருதி மாறும் என்பதால் பிளாஸ்டிக் ஊசி ஒன்றை அராவித் திருப்புளியாக்கினார் மெக்கானிக். பெட்டி அரைமணி நேரம் சூடான பிறகு தொடங்கினோம். பெரியவருக்கு அந்தர காந்தாரம் பிடிக்கவே இல்லை. “தூக்கலாக இருக்கிறதே” என்றார். அவர் காது சரிதான். சமமாகப் பிரித்த பன்னிரண்டு ஸ்வரங்களில் அந்தக் காந்தாரம் இயற்கைச் சுருதியைவிட சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அடுத்தடுத்த இரு ஸ்வரங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) மேலே நிற்கும். அவர் சொன்னபடி இறக்கினால் மற்றக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கெட்டுவிடும் என்று விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை, சித்தப்பா விளக்கினார்.

கூலி விஷயம். இருவருமே முன்கூட்டித் தொகை சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய உறுத்தல். வேலை முடிந்ததும் கேட்டது நான் அஞ்சியதைவிட மிகக் குறைவு. ஆனால் ரசீது கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. “நாளை” என்றால் நாளை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; திருவிழாக் காலத்தில் ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையில் முந்திக்கொள்ளும். உதிரிபாகக் கடைகளில் எல்லோரும் கியூஆர் அட்டையைக் காட்டுகிறார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு கைபேசியில் இல்லாதவர்கள் சில்லறை நோட்டுகளோடு போவது நல்லது.

இடது கைப் பக்கம் இரண்டு கார்டு பொத்தான்கள் இன்னும் பேசவில்லை. அதைத் திறந்தால் கம்பிகளும் நெம்புகோல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அவசரத்தில் செய்யக் கூடாது என்று இருவருமே கைவிரித்துவிட்டார்கள். போக நினைப்பவர்கள் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெரு பெரும்பாலும் மூடியிருக்கும். சுற்றுப்படத்தைத் தாளில் அச்சடித்து எடுத்துச் செல்லுங்கள். கைபேசித் திரையை நீட்டினால் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.