கடைசி நாள், இரவு ரயில்: குற்றாலமா, தாமிரபரணிக் கரையா?

திருநெல்வேலி ஜங்ஷனில் இரவு ரயில். காலையிலேயே அறையைக் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகள் பாட்டி வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். அன்றைக்கென்று திட்டம் எதுவும் இல்லை. இந்த நிலையில் நிற்கும் தம்பதியர் நெல்லைச் சீமையில் யாரைக் கேட்டாலும், "குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். விடுதி வாசலில் நின்ற கார் ஓட்டுநரும் எங்களிடம் அதையே சொன்னார். நாங்கள் பாபநாசம் வரை போய், தாமிரபரணிக் கரையோடு இறங்கி வந்தோம். இரண்டையும் எடைபோட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தோம். கடைசி நாளுக்கு ஆற்றங்கரைதான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

குற்றாலத்தின் சுகத்தை விளக்கத் தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் பேரருவிக்கு அடியில் ஒருமுறை தலையைக் கொடுத்தவருக்கு அது தெரியும். ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று மாறி மாறிக் குளிக்கலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இருவர் மட்டும் போகும் நாளில் ஒன்றை யோசிக்க வேண்டும். அருவியில் ஆண்கள் குளிக்கத் தனி இடம், பெண்கள் குளிக்கத் தனி இடம். தேவையான ஏற்பாடுதான். இருந்தாலும், சேர்ந்திருக்கவென்றே அபூர்வமாகக் கிடைத்த ஒரு பகலில் பாதி நேரம் ஒருவர் குளிக்க, மற்றவர் பையையும் செல்போனையும் காத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். மலையில் மழை கொட்டினால் குளிக்கவே தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போனதை நினைத்தால், அந்தத் தடையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் முன்யோசனை இல்லாமல் கிளம்பியவர்கள் அறுபது கிலோமீட்டர் போய், அருவியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

இவையெல்லாம் கூடுதல் காரணங்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்தது திரும்பும் வழி.

ரயில் ஏறும் நாளில் ஓர் இடம் எவ்வளவு தொலைவு என்பதைவிட, எந்த நேரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம் என்பதுதான் முக்கியம். குற்றாலம் ஒரு முனை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் நாள் தொடங்குகிறது, கிளம்பியதும் முடிந்துவிடுகிறது. நடுவில் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக வரும் சாலை வெறும் பயணம். விடுமுறை நாளில் தென்காசியைத் தாண்டவே எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே மூன்று மணிக்கே "கிளம்பலாமா?" என்ற பேச்சு வந்துவிடும். அதன் பிறகு அருவி கண்ணில் படாது, ஜங்ஷன் நடைமேடைதான் கண்ணில் நிற்கும். ஈரத்துணியை எந்தப் பையில் திணிப்பது என்ற கவலை வேறு.

ஆற்றங்கரையில் இது அப்படியே தலைகீழ். சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாபநாசத்துக்குக் காலையில் ஒரே மூச்சில் போய்விட வேண்டும். அதன் பிறகு பார்ப்பதெல்லாம் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வோர் ஊராக இறங்கும்போது ஜங்ஷன் நெருங்கிக்கொண்டே வருகிறது. ஓர் இடத்தில் மனம் ஒட்டிக்கொண்டால் அடுத்த ஊரை விட்டுவிடலாம், நட்டம் ஒன்றுமில்லை. நேரம் தவறிப்போனாலும் இந்தத் தடத்தில் பஸ் உண்டு. செங்கோட்டை ரயில் பாதையும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத்தான் போகிறது. பிள்ளைகளோடு வந்தால் இப்படி நின்று நின்று வருவது நடக்காத காரியம். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி இல்லாத நாளில் மட்டுமே இந்தச் சாலை தன் முழு ருசியைக் காட்டும்.

பாபநாசத்தில் பாபநாசநாதர் கோயில் படித்துறைதான் எனக்குப் பிடித்த இடம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒன்பது சிவத்தலங்களான நவகைலாயத்தில் இது முதலாவது. ஒரு பொட்டலம் பொரியை வாங்கித் தண்ணீரில் தூவினால், முழங்கை நீளத்து மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கின்றன. பொரியைக் கையில் வைத்துக்கொண்டு பராக்குப் பார்த்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். என் மனைவி பொட்டலம் தீரும் வரை அங்கிருந்து அசையவில்லை. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாவம் தொலைக்கவென்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கம் இங்கே இன்னும் ஓயவில்லை. படிக்குக் கீழே தண்ணீருக்குள் சேலைகள் பாறையைச் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தோம். கீழே எத்தனையோ ஊர்களுக்கு இதுதான் குடிநீர். தயவுசெய்து துணியைக் கையோடு எடுத்து வாருங்கள்.

மேலே அகஸ்தியர் அருவிக்குப் போக வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும். நாங்கள் போகவில்லை. சாவடியில் நேரத்தை விட்டால் மதியத்துக்குள் கீழே இறங்க முடியாது. கோயில்கள் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பதால் அந்த இடைவெளியை அம்பாசமுத்திரத்தில் இலைச் சாப்பாட்டுக்கும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கவும் வைத்துக்கொண்டோம்.

இந்த நாளின் உச்சம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரில் பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. சிவலிங்கம் ஒருபுறம் சாய்ந்திருக்கும். வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நின்று அழைத்த கருவூர்ச் சித்தரின் குரலைக் கேட்கச் சுவாமி தலை சாய்த்தார் என்பது தலபுராணம். கோபுரத்தின் உள்நிலைகளில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உண்டு. அன்று எங்களுக்கு ஏறிப் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. எனவே அவற்றுக்காகவே போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றுக்காகவும் மரங்களுக்காகவும் போங்கள்.

கோயிலைச் சுற்றி மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. மருத மரத்தின் பட்டை வழவழப்பாக, சாம்பலும் வெண்மையும் கலந்து, இடையிடையே சீவிப் போட்டதுபோல் உரிந்திருக்கும். அடியில் தரை முழுவதும் எச்சத்தால் வெளுத்துக் கிடக்கும். பெரிய நாரை கூட்டில் இறங்கும்போது அலகுகள் தட்டிக்கொள்ளும் சத்தம் கீழே வரை கேட்கும். அரசு இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது 2005-இல். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர் மக்கள் இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து வரும் மாதங்களில்தான் கூடுகள் நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் மரங்களும் ஆறும்தான். எனக்கு அதுவே போதும். ஊரார் குளிக்கும் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் எதுவும் பேச்சில் வரவில்லை. "ஏங்க, நேரமாகவில்லையா?" என்று அவள் கேட்டபோது, போகிற வழியில்தானே போகப் போகிறோம் என்று சொல்ல முடிந்தது. குற்றாலத்தில் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: படித்துறையை விட்டு விலகி இறங்காதீர்கள், இந்த ஆற்றில் ஆழம் சட்டென்று மாறும்.

பத்தமடையில் கோரைப்பாய் வாங்கினால் அதுவும் வழியோடு முடிந்துவிடும். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயை முன்னதாகவே சொல்லி வைத்துத்தான் வாங்க முடியும். ஆனால் மெல்லிய கோரையில் நெய்த சிறு பாய்களைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலேறலாம்.

அல்வாவுக்கும் இந்த வழி உதவும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில் திறந்து, சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும். ஆற்றங்கரை வழியாக வந்தால் அதற்குள் டவுனுக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். தாமதமானால் ஜங்ஷன் பக்கத்துக் கடைகள் இருக்கின்றன, அங்கேயும் நல்ல அல்வா கிடைக்கும்.

திருச்செந்தூர், மாஞ்சோலை என்றும் சிலர் சொல்வார்கள். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், நினைத்த மாத்திரத்தில் கிளம்ப முடியாது. திருச்செந்தூரில் கடலும் முருகனும் இருந்தும், தரிசன வரிசை எவ்வளவு நீளும் என்பது நம் கையில் இல்லை. ரயில் ஏறும் நாளில் நான் அங்கே போனதில்லை, எனவே அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரயில் பிற்பகலிலேயே என்றால் எங்கும் போக வேண்டாம். நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களும் தாமிர சபையும் ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம்.

குற்றாலத்தின் பக்கம் தராசு சாயும் ஒரு சூழ்நிலை உண்டு. சென்னைக்குத் திரும்புகிறவர்கள் ஜங்ஷனுக்குப் பதிலாகத் தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தால், நான் மேலே சொன்ன திரும்பும் வழிச் சிக்கலே இல்லை. குற்றாலத்திலிருந்து தென்காசி ரயில் நிலையம் கூப்பிடு தூரம்தான். சாரல் காலமாகவும் இருந்து, முதல் நாள் இரவையே தென்காசிப் பக்கம் கழித்திருந்தால், தாராளமாக அருவிக்குப் போங்கள். துவட்ட ஒரு துண்டு கூடுதலாக இருக்கட்டும்.