புகையை நிறுத்த ஊசியா, பழக்க மாற்றமா?

சிகரெட்டை விட வேண்டும், ஆனால் மருந்து மாத்திரை வேண்டாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்: அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீன முறை) அல்லது அன்றாடப் பழக்கங்களை மாற்றுவது. இரண்டையும் 'இயற்கை வழி' என்று சேர்த்தே சொல்கிறார்கள். சேர்த்துச் சொல்லும் அளவுக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஊசி. புகைப் பழக்கத்துக்குப் பெரும்பாலும் காதில்தான் குத்துகிறார்கள். இதன் தொடக்கம் தற்செயலானது. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், ஊசிகளில் லேசாக மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சர் செய்துகொண்ட சில நோயாளிகளுக்கு அபின் கிடைக்காத தவிப்பு குறைவதைக் கவனித்தார். அது நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனைக்குப் போய், காதில் ஐந்து இடங்களில் குத்தும் முறையாக வளர்ந்தது. ஊசியோடு அரை மணி, முக்கால் மணி நேரம் அமைதியாக உட்கார வேண்டும். சிலர் காதில் சிறு விதைகளை ஒட்டி அனுப்புவார்கள். சிகரெட் ஞாபகம் வந்தால் அழுத்திக்கொள்ளலாம்.

பலன்? 2014இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 38 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. முதல் சில வாரங்களில் கொஞ்சம் உதவக்கூடும். ஆறு மாதத்துக்கு மேல் நிலைக்கிறது என்பதற்கு நம்பகமான, ஒரே மாதிரியான ஆதாரம் இல்லை என்றது. தொடக்க நாட்களில் தவிப்பு அடங்கியதாகச் சொல்பவர்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வுகளில் பெயருக்குக் குத்தும் போலி ஊசிக்கும் உண்மை ஊசிக்கும் நடுவே வித்தியாசம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, அந்த அரை மணி நேர அமைதிக்கும் பங்கு உண்டோ என்று தோன்றுகிறது.

பழக்க மாற்றத்தின் பலம், அது பிரச்சினை நடக்கும் இடத்திலேயே இருப்பது. புகையிலைக்கு அடிமைப்படுத்தும் நிகோடினின் அளவு ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அப்புறமும் ஆளை இழுப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், வேலை இடைவேளை, கூடவே நின்று பற்றவைக்கும் நண்பர். இந்த ஆசை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே வடிந்துவிடும். அந்த நிமிடங்களில் வேகமாக நடந்தால் ஆசை குறைவது ஆய்வுகளில் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு வரும் ஆசைக்கு ஊசி போடுபவர் பக்கத்தில் இருக்க மாட்டார், கால்கள் இருக்கும்.

அதற்காக இந்தப் பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடிக்க முடியாது. உடற்பயிற்சியைச் சேர்த்ததால் நீண்ட காலத்துக்கு விட்டவர்கள் அதிகமானார்கள் என்று காட்டவும் போதிய ஆதாரம் இல்லை. பயிற்சி அந்த நேரத்து ஆசையைக் கடத்திவிடும், அவ்வளவுதான். எடை விஷயத்திலும் ஏமாற்றம் வரும்: விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. முதல் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்கினால் இரண்டும் கைவிட்டுப் போகலாம் என்பது என் எண்ணம். மதுவை மட்டும் அந்த மாதம் தள்ளி வைப்பது நல்லது. விட்டவர்களை மறுபடி புகைக்குக் கொண்டுவருவதில் அதற்குப் பெரிய பங்கு.

பலர் கவனிக்காத ஒன்று காபி. புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. பழைய அளவிலேயே குடித்தால் உடம்பில் காஃபீன் தேங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். "சிகரெட் இல்லாமல் முடியவில்லை" என்று சொல்ல வைப்பதில் பாதி இந்தக் காபியாகவும் இருக்கலாம். குடிக்கும் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்.

படிப்படியாகக் குறைக்கலாமா, ஒரே நாளில் விடலாமா? 2016இல் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம். ஆனால் இரு குழுவுக்கும் ஆலோசனையும் நிகோடின் மாற்று சிகிச்சையும் (சிகரெட் இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுப்பது) கிடைத்தன. எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம், ஓராண்டு தாண்டுபவர்கள் 3 முதல் 5 சதவீதம்தான்.

ஆகவே, ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் உண்டு என்றால் பழக்க மாற்றம். ஊசிக்கு வைத்த பணத்தை நிகோடின் சூயிங்கம்மிலோ தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையிலோ போடலாம். அவை வெற்றி வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. மாத்திரை வேண்டாம் என்பவர்கள் இவற்றையும் சேர்த்து ஒதுக்குவதுதான் எனக்குப் புரியாதது. ஊசி பிடித்திருந்தால் கூடவே போட்டுக்கொள்ளுங்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேட்டுவிட்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியானாலும், தியோஃபிலின் (ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறுகளுக்கு), குளோசபின் (மனநோய்க்கு) போன்ற மருந்துகளில் இருப்பவர்கள் விடும் தேதியை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காஃபீனுக்கு நடப்பதே இவற்றுக்கும் நடக்கும். புகை நின்றால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.