வசூல் கணக்கு: காசை எண்ணுவதா, தலையை எண்ணுவதா?

புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே 'உலகமெங்கும் 100 கோடி' என்று ஒரு சினிமா போஸ்டர். படமெடுத்து பாரிஸில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். "சரிண்ணே, எத்தனை பேர் பாத்தாங்க?" என்று பதில் வந்தது.

அது அவன் ஊர்ப் பழக்கம். பிரான்ஸில் படம் புதன்கிழமை வெளியாகும். அடுத்த புதனுக்குள் எத்தனை டிக்கெட் விற்றது என்பதுதான் செய்தி. டிக்கெட் காசில் ஒரு பங்கு வரியாக சி.என்.சி. என்ற அரசு அமைப்புக்குப் போய், அங்கிருந்து படத் தயாரிப்புக்கே உதவியாகத் திரும்புகிறது. கூட்டம் சேர்ந்த படத்தின் தயாரிப்பாளருக்கு அடுத்த படத்துக்குக் கூடுதல் உதவி. அதனால் ஒவ்வொரு டிக்கெட்டும் கணக்கில் ஏறியாக வேண்டும். 2008இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு அங்கே 2 கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது.

தென் கொரியாவிலும் தலைக்கணக்குதான். 2014இல் வந்த கடற்போர்ப் படம் ஒன்றுக்கு 1.76 கோடி டிக்கெட். நாட்டின் மக்கள் தொகையே சுமார் 5 கோடி!

அமெரிக்காவில் எல்லாம் டாலர். தியேட்டர்களிலிருந்து காம்ஸ்கோர் நிறுவனம் கணக்கைத் திரட்டுகிறது. ஆனால் ஞாயிறு காலையில் வரும் வார இறுதித் தொகையில் ஞாயிறு வசூல் வெறும் உத்தேசம். சரியான கணக்கு திங்களன்று. வியாழன் இரவுக் காட்சியின் காசு வெள்ளியில் சேரும். 'உள்நாடு' என்றால் கனடாவும் அடக்கம். இதெல்லாம் தெரிந்தால் நம்பலாம். குறை என்னவென்றால், டிக்கெட் விலை ஏறினாலே சாதனை உடையும். விலைவாசியைச் சரிக்கட்டிப் பார்த்தால் 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்' இன்னமும் முன்னால் நிற்கிறது. பிரிட்டன் கணக்கில் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்திருக்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். 150 ரூபாய் டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய். உள்ளாட்சி வரியை விட்டுவிட்டாலும் வரியோடு சேர்ந்த கிராஸ் 177, வரி போன நெட் 150. தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்குப் பாதி வந்தால் ஷேர் 75. மும்பைக்காரர்கள் நெட் பேசுவார்கள், ஆந்திரா பக்கம் ஷேர், நம் போஸ்டரில் கிராஸ். மூன்றும் ஒரே டிக்கெட்! இதைச் சரிபார்க்கப் பொதுவான அமைப்பு எதுவும் இல்லை. ஒரு தமிழ்ப் படத்துக்கு அமெரிக்காவில் வந்த வசூலை நம்புகிற அளவுக்கு கடலூர் வசூலை நம்ப முடியாது என்பது வேடிக்கைதான்.

அதற்காக நம்மிடம் தலைக்கணக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரசு வேறானாலும் கடலூரும் புதுச்சேரியும் பட வியாபாரத்தில் ஒரே தென்னாற்காடு ஏரியா. அந்த ஏரியாவில் விநியோகஸ்தரின் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாக, இருந்த மாமா ஒருவர், படப்பெட்டியோடு தியேட்டர் தியேட்டராகப் போனவர். காட்சி முடிந்ததும் வகுப்புவாரியாக முதல் டிக்கெட் நம்பர், கடைசி டிக்கெட் நம்பர், விற்றது எத்தனை என்று டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் அறிக்கை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். பிரான்ஸில் செய்தியாக வருகிற அதே கணக்கு. இங்கே அது விநியோகஸ்தர் ஆபீஸ் ஃபைலோடு சரி.

தம்பிக்கு இன்னும் பதில் போடவில்லை.