லேசரா, சிமுலேட்டரா, வரைபடமா?

போர்ப் பயிற்சிக்கான சிமுலேஷன்களை ஒப்பிடும்போது எது அசல் போலத் தெரிகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அந்த அளவுகோலிலேயே சந்தேகம் உண்டு.

அசலுக்கு மிக நெருக்கமானது கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில் நடக்கும் அமெரிக்கத் தரைப்படைப் பயிற்சி. டாங்கியும் ஆளும் நிஜம். தோட்டா மட்டும் வெற்று. அதற்குப் பதில் துப்பாக்கியிலிருந்து லேசர் கதிர் பாயும்; அது பட்டால் வீரர் அணிந்திருக்கும் சென்சார் கத்தும். தூசி, தூக்கமின்மை, ரேடியோ கேட்காத எரிச்சல் எல்லாம் இங்கேதான் கிடைக்கும். ஆனால் தோட்டா துளைத்துப் போகும் புதரில் லேசர் நின்றுவிடும். புதரே கவசம் என்று வீரர் தப்பாகப் பழகிக்கொள்ளலாம். எரிபொருள், தேய்மானச் செலவு வேறு.

1980களில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா உருவாக்கிய சிம்நெட் இதற்கு நேர் எதிர். பல ஊர்களில் இருந்த டாங்கி சிமுலேட்டர்களை வலையமைப்பில் இணைத்து, ஒரே போர்க்களத்தில் மோதவிட்டார்கள். படம் சுமார்தான். உள்ளே எல்லாக் கருவிகளையும் அச்சாகச் செய்யவில்லை; குழுவாகச் சண்டையிட எது வேண்டுமோ அதை மட்டும் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான சிக்கனம்! தோற்றால் உடனே மறுபடி ஆடலாம். உடல் களைப்பை மட்டும் அது கற்றுத்தராது.

சரி, தளபதிகள் திட்டத்தைச் சோதிக்க? இங்கே படைகள் வரைபடத்தில் நகரும் குறிகள். இழப்பைக் கணக்கிடுவது கணினி. 2002இல் சுமார் 25 கோடி டாலர் செலவில் அமெரிக்கா நடத்திய ‘மில்லேனியம் சேலஞ்ச்’ களப் பயிற்சியையும் இந்தக் கணினிப் போரையும் சேர்த்தது. எதிரணித் தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல் பால் வான் ரைப்பர், ரேடியோவை ஒதுக்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் தகவல் அனுப்பினார்; ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் பதினாறு கப்பல்களைக் கணினிப் போரில் மூழ்கடித்தார். அப்புறம்? கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவர் பாதியில் விலகினார்.

கணினியே இல்லாத காலத்திலும் இதே கதைதான். 1942இல் பசிபிக் பெருங்கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலுக்கு ஜப்பானியர் பகடை உருட்டி ஒத்திகை பார்த்தபோது, விமானந்தாங்கிக் கப்பல்கள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாக நடுவர் சொன்னார். ஒத்திகைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். ஜூனில் அகாகி, காகா உட்பட நான்கு கப்பல்கள் நிஜமாகவே போயின.

ஆகவே டாங்கிக் குழுவுக்கு முதலில் சிம்நெட் வகை, அது தேறியபின் பாலைவனம் என்பேன். திட்டமிடலுக்கு வரைபடமும் பகடையுமே எனக்குப் போதும், நடுவரின் தீர்ப்பை மேலதிகாரி திருத்த முடியாது என்றால்.