கன்னிப்பூ அறுப்புக்குத் தார்ப்பாய்: 24×18 அடி, 250 ஜிஎஸ்எம்

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், அறுப்பு நேரத்தில் வானத்தை நம்ப முடியாது. தென்மேற்கு மழை முழுசாக ஓய்ந்திருக்காது, வடகிழக்கு மழை வாசலில் நிற்கும். மிஷின் அறுத்துக் கொட்டும் நெல் ஈரமாகத்தான் வரும்; கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளைக் காப்பாற்றுவது தார்ப்பாய்தான்.

24×18 அடி நல்ல அளவு. ஈரமானாலும் இரண்டு பேர் தூக்கலாம். மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் ஏறக்குறைய 600 கிலோ நெல் காயும். வாங்கும்போது தராசில் வைத்துப் பாருங்கள். பரப்பு 40 சதுர மீட்டர், ஆகவே 250 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம், என்றால் 10 கிலோ இருக்க வேண்டும். 8 கிலோதான் என்றால் அது 200 ஜிஎஸ்எம்; லேபிளில் எதை அச்சடித்திருந்தாலும் சரி. பிறகு விரித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். மடிப்பு விழுந்த கோட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் பூச்சு விரிசல் விட்டுவிட்டது, ஒழுகும். இணைப்பு சூட்டில் ஒட்டியதாக இருக்கட்டும். தையல் துளை வழியே தண்ணீர் இறங்கும்.

இந்தப் பாயின் பலவீனம் ஓர வளையம். தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்தால், ஓர மடிப்புக்குள் கயிறு ஓடாத பாயில் வளையம் பிய்ந்து கையோடு வந்துவிடும். கயிறு ஓடும் பாயானாலும் முளையில் விறைப்பாகக் கட்டாதீர்கள். காற்று வரும் பக்கம் மணல் மூட்டைகளை வரிசையாக வைத்தால் போதும்.

பெரிய பாய் ஒன்றைவிட இந்த அளவில் இரண்டு வாங்குவதே புத்தி: ஒன்று கீழே, ஒன்று மேலே. மழை இருட்டினால் நெல்லைக் கூம்பாகக் குவிக்காமல், தரைச் சரிவு போகும் திசையிலேயே நீள வரப்பு மாதிரிக் கூட்டி மூடுங்கள். தண்ணீர் இரு பக்கமும் வழிந்து ஓடும். நெல்லுக்கும் மேல் பாய்க்கும் நடுவில் சணல் சாக்கு விரிக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி பாயின் உள்பக்கம் வியர்த்து மேல் நெல் முளைவிடும், உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். மழை விட்டதும் உடனே திறந்து கிளறுங்கள். வெயில் இருக்கும்வரை அரை மணிக்கு ஒரு தரம்.

அறுப்பு முடிந்தால் உதறி, நிழலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம். நாலு நெல்மணி உள்ளே ஒட்டிக் கிடந்தாலும் எலி கடித்துவிடும்.