கத்தி இறங்கும்வரை தெரியாத ஏமாற்று: அடுக்கு கேக் செய்யக் கொடுப்போர் கவனத்துக்கு

என் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்காகத் திருச்சியில் ஒரு கடையில் செய்யக் கொடுத்த மூன்று நிலை கேக்குக்குள் என்ன இருந்தது என்பதை, இனிக் கொடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பல ஆண்டுகளாக வீட்டில் கேக் செய்து பழகியவள் என்பதால் வடிவத்தை நானே வரைந்து கொடுத்தேன். அறுபது பேருக்கு விருந்து சமைக்க வேண்டியிருந்ததால்தான் செய்யும் பொறுப்பை வெளியே விட்டேன்.

நான் கேட்டது இதுதான்: வெளியே வெறும் வெள்ளை, வெட்டியதும் ஒவ்வொரு நிலையிலும் ஐந்து மெல்லிய அடுக்குகள், மாம்பழ மஞ்சளில் தொடங்கி மாதுளைச் சிவப்பில் முடியும்படி நிறம் ஏறிவர வேண்டும். இதற்கு மாவை ஐந்தாகப் பிரித்து, நிறம் கலந்து தனித்தனியே சுட்டு, ஆறியபின் மேடான மேற்பகுதியைச் சமமாக அரிந்து, இடையில் பட்டர் கிரீம் பூசி அடுக்கி, உதிரும் தூளைப் பிடித்துக்கொள்ள மெல்லிய முதற்பூச்சு கொடுத்துக் குளிரவைத்த பிறகே வெளிப்பூச்சைத் தொடங்க வேண்டும். ஒரு நாள் பிடிக்கும் வேலை என்று தெரிந்தே கிலோவுக்கு 1,500 ரூபாய் வீதம் நான்கு கிலோவுக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடித்த கத்தி, கீழ்நிலையில் கிறீச்சிட்டு நின்றது. அந்த நிலை முழுவதும் தெர்மோகோல். உயரமாகத் தெரிவதற்காக அப்படி வைப்பது உண்டு. கேட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். சொல்லாமல் வைத்து அதையும் கிலோ கணக்கில் சேர்த்ததுதான் மோசடி. எஞ்சிய இரண்டு நிலைகளையும் எடைபோட்டபோது 1 கிலோ 900 கிராம்தான் இருந்தது. உள்ளே ஐந்து நிறங்கள் இல்லை. ஒரே மஞ்சள் ஸ்பாஞ்சை இரண்டாக அரிந்து வைத்திருந்தார்கள்.

அதற்குள் மேல்நிலை, நடுநிலைக்குள் அமிழ்ந்து சாயத் தொடங்கியது. ஸ்பாஞ்ச் தன்மேல் வைக்கும் எடையைத் தாங்காது என்பதால், மேல்நிலைக்கு அடியில் ஓர் அட்டையும், அந்த அட்டையைத் தாங்க நடுநிலைக்குள் அதன் உயரத்துக்கே வெட்டிய சில குச்சிகளும் இருந்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. பூசியிருந்ததும் பட்டர் கிரீம் அன்று, தாவர எண்ணெய் கிரீம். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும், மே மாதத்துக் கத்தரி வெயிலில் நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தால் நானே வேறு பூச்சுக்கு ஒப்புக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது, நான் கேட்காமலே ஓரங்களில் தூவியிருந்த தங்கநிறத் தூள். டப்பாவின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்: ‘நச்சற்றது, அலங்காரத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்ததே தவிர, உண்ணத்தக்கது என்றோ, எவற்றால் செய்தது என்றோ ஒரு சொல்லும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இத்தகைய மினுக்குத் தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்தப் பூச்சில் மிகுதியாக இருந்தது செம்பு. எங்கள் வீட்டுக் குழந்தைகளின் தட்டுகளிலிருந்து ஓரங்களை நான் வெட்டி எடுத்தேன்.

“இவ்வளவு பெரிய கேக்கில் டம்மி வைப்பது வழக்கம்தானே, மேடம்” என்றார் கடைக்காரர். மீண்டும் ஒரு கேக் இலவசமாகத் தருவதாகவும் சொன்னார். நான் ஏற்கவில்லை.

முன்பணம் கொடுக்கும்போதே எத்தனை நிலை உண்ணத்தக்கது, எடை எவ்வளவு, எந்தக் கிரீம், எத்தனை அடுக்கு என்பதை எழுதி வாங்குங்கள். ரசீதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து செய்து விற்பவருக்கும் அந்தப் பதிவு கட்டாயம். எனக்குக் கிடைத்த ரசீதில் அந்த எண்ணே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது, எடைபோட்டபோது எடுத்த படம், கத்தி பட்ட தெர்மோகோல் ஆகிய மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.